விளக்கு எரிகிறது, நாற்று ஏன் சாய்கிறது?

மார்ச் பிறந்தால் என் கைபேசிக்கு ஓய்வு கிடையாது. இந்த ஆண்டு முதல் அழைப்பு கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், கோயிலில் பழக்கம். "முளைச்சதெல்லாம் நூல் மாதிரி நீண்டு சரிஞ்சு கிடக்குது, தம்பி. லைற்றும் போட்டிருக்கிறன், நேரத்துக்குத் தண்ணியும் விடுறன். வேற என்ன செய்யிறது?"

பெட்டூனியா என்ற பூச்செடியை விதைத்திருந்தார். பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்துவிட்டு, பன்னிரண்டு வருடமாக நயாகரா பக்கத்தில் ஒரு பசுமைக்குடிலில் நாற்று வளர்ப்பதுதான் எனக்கு வேலை. இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கு வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை டொராண்டோ போகும் வழியில் அவர் வீட்டில் இறங்கினேன். பேஸ்மென்டில் அலமாரி, அதில் செடி வளர்க்கவென்றே விற்கும் புத்தம் புதிய குரோ லைட், ஊதா நிறத்தில் சினிமா செட் மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. தட்டுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு குடம் வைக்கலாம். அவ்வளவு இடைவெளி.

ஒளி அளக்கும் மீட்டரைத் தட்டின் மேல் வைத்தேன். 35 மைக்ரோமோல். ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு விழும், செடிக்குப் பயன்படும் ஒளியின் கணக்கு அது. விளக்கைக் கயிற்றோடு இறக்கி, நாற்றின் தலைக்கு மேல் 10 சென்டிமீட்டரில் நிறுத்தி மறுபடி அளந்தேன். 160. அதே விளக்கு, அதே மின்சாரம்.

பெட்டூனியாவுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், விதை அத்தனை சிறியது. ஒரு கிராமில் கிட்டத்தட்ட 10,000 விதை நிற்கும். கசகசாவே இதற்கு அண்ணன். அவரை விதையில் பத்து நாளைக்கான கட்டுச்சோறு உள்ளேயே இருக்கிறது. இருட்டிலும் கொஞ்ச தூரம் ஓடும். பெட்டூனியாவிடம் அப்படிக் கையிருப்பு எதுவும் இல்லை. முளைத்த மறுநாளே அந்த இரண்டு குட்டி இலைகள் சம்பாதித்தாக வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் அது செய்யும் ஒரே காரியம், வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டுவது. நீண்ட தண்டுக்குத் தடிமன் இருக்காது, சாய்ந்துவிடும். முளைப்பதற்கே வெளிச்சம் உதவுவதால்தான் இந்த விதையை மண் போட்டு மூடக் கூடாது என்கிறோம். ஈரமான கலவையின் மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும். விதை கண்ணுக்கே தெரியவில்லை என்பவர்கள் களிமண் பூசிய உருண்டை விதையை வாங்கலாம். ஆனால் அந்தப் பூச்சு முழுதாகக் கரையும் வரை ஈரம் குறையக் கூடாது.

நாற்றுக்கு 150 மைக்ரோமோல் வெளிச்சத்தை ஒரு நாளைக்கு 16 மணி நேரம் கொடுத்தால் மொத்தம் 8.6 மோல் சேரும் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). பெட்டூனியாவுக்கு அது போதும். அந்த அம்மாவின் பழைய கணக்கு, 35 வீதம் 12 மணி நேரம், வெறும் 1.5 மோல். ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மீட்டர் விலை அதிகம், எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. கைபேசியில் லக்ஸ், அதாவது நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை, அளக்கும் செயலி ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை எல்இடி என்றால், நாற்று மட்டத்தில் 10,000 லக்ஸ் காட்டினால் ஏறக்குறைய அந்த 150 வந்துவிட்டது என்று பொருள். கைபேசிக்குக் கைபேசி அளவு மாறும், ஆனாலும் 2,000-க்கும் 10,000-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது. நம் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். 300 லக்ஸ் உள்ள வரவேற்பறையே நமக்கு நல்ல வெளிச்சம்தான்.

ஜன்னலோரம் போதாதா என்றும் கேட்கிறார்கள். பிப்ரவரி நடுவில் டொராண்டோவில் பகல் பத்தரை மணி நேரம்தான். அதிலும் பாதி நாள் மேகம். போதாது.

விளக்கு வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. பெட்டியின் முன்பக்கம் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில், உண்மையில் இழுப்பது 100 வாட் என்று இருக்கும். பின்பக்கத்தைப் படியுங்கள். அடுத்தது நிறம். ஊதா வெளிச்சத்திலும் செடி வளரும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளானால் உங்களுக்குத் தெரியாது. எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். நாற்றங்காலைப் பார்த்துக்கொள்பவனுக்குக் கண்தான் முதல் கருவி, அதைக் கட்டிப்போடும் விளக்கு எனக்கு வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண 5000 அல்லது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) வெள்ளை எல்இடி டியூப், 4 அடியில் இரண்டு, ஒரு அலமாரித் தட்டுக்குத் தாராளம். 40 வாட் விளக்கை 16 மணி நேரம் வீதம் 75 நாள் எரித்தால் 48 யூனிட். நேரத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும் வீடாக இருந்தால், கட்டணம் குறைந்த இரவு நேரம் முழுவதும் அந்த 16 மணி நேரத்துக்குள் வரும்படி வையுங்கள். பேஸ்மென்டில் இருக்கும் செடிக்குப் பகல் எது இரவு எது என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் 24 மணி நேரமும் எரிய விடாதீர்கள், டைமர் போடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் பார்க்கும் அலமாரிகளில் பாதி எனக்குப் பயம் தருகிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொன்று, அதில் மூன்றாவது, எல்லாம் தண்ணீர்த் தட்டுக்குக் கீழே தரையில். இதைச் செய்யவே செய்யாதீர்கள். விளக்கில் சிஎஸ்ஏ அல்லது அதற்கு இணையான கனடா அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் வரும் மலிவு விளக்குகள் பலவற்றில் இருப்பதில்லை. டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான் உள்ள பிளக் பாயிண்டில்தான் சொருக வேண்டும். வயர் நேராக பிளக்கில் போய் முடியக் கூடாது. கொஞ்சம் கீழே தொங்கி மேலேறிப் போகட்டும். அப்போது வயர் வழியே தண்ணீர் இறங்கினாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். வெளிச்சக் குறைவுக்கு அடுத்து நாற்றைக் கொல்வது பாசம். விதைத்ததும் தட்டின் மேல் பிளாஸ்டிக் மூடி போடுகிறோம், அது சரி. 22 முதல் 24 டிகிரியில் ஐந்திலிருந்து ஏழு நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். பாதி முளைத்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும். "குளிரும், பாவம்" என்று பலர் எடுப்பதில்லை. உள்ளே வியர்த்துக் கொட்டும் அந்தக் கூண்டில்தான் நாற்றழுகல் வருகிறது. பித்தியம், ரைசோக்டோனியா என்ற நோய்க்கிருமிகளின் வேலை. தண்டின் அடி மண்ணோடு சேரும் இடத்தில் நூலாக இளைக்கும், காலையில் நின்றது மாலையில் படுத்திருக்கும், அங்கிருந்து வட்டமாகப் பரவும். சாய்ந்த நாற்றை மஞ்சள் தூளோ பட்டைத் தூளோ நிமிர்த்தாது. அந்த மூலையை அப்படியே கரண்டியால் தோண்டி எறிந்துவிட்டு, மேல் மண்ணைக் காயவிட்டு, ஒரு சின்ன மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓட விடுங்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் அடித்தட்டில் விட்டு, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். எப்போது விடுவது? தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனம் குறைந்திருந்தால் விடலாம். நேரம் பார்த்து ஊற்றுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். மண்ணுக்கு மேல் பறக்கும் குட்டிக் கொசு போன்ற ஈக்களும் ஈரத்தைத் தேடி வருபவைதான். அவற்றின் புழுக்கள் வேரைத் தின்னும்.

முளைக்க வைக்கத் தட்டுக்கு அடியில் சூட்டுக்காக வெப்பப் பாய் போட்டிருந்தால், முளைத்ததும் அதையும் எடுத்துவிட வேண்டும். வளரும் நாற்றுக்கு 16 முதல் 18 டிகிரி போதும். நம் பேஸ்மென்ட் குளிர்கிறது என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். பெட்டூனியாவுக்கு அதுதான் ஏசி அறை.

முதல் மூன்று வாரம் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். தூசு மாதிரி இருக்கும். உரத்தை அள்ளிப் போடத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். முளையோடு வந்த இரண்டு குட்டி இலைக்கு அடுத்து இரண்டு நிஜ இலை வந்த பிறகு, பொட்டலத்தில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கு கரைத்து விடுங்கள். அப்புறம் நுனி இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மீதி மஞ்சளாகத் தெரிந்தால் அது பசியல்ல. பெட்டூனியாவுக்கு இரும்புச் சத்தை மண்ணிலிருந்து எடுக்கும் திறமை குறைவு. மண் கலவையின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6.2-ஐத் தாண்டினால் இரும்பு அங்கேயே இருந்தும் அதற்குக் கிடைக்காது. சுண்ணாம்பு உள்ள குழாய்த் தண்ணீரை வாரக்கணக்கில் விட்டால் பிஎச் மெல்ல ஏறும். செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் கீலேட் இரும்பு ஒருமுறை கொடுத்து, அமிலத் தன்மை தரும் உரத்துக்கு மாறினால் புது இலை பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலையைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் புகைப்பவர் இருந்தால், நாற்றைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். பெட்டூனியா, கத்தரி, மிளகாய், புகையிலை எல்லாம் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் வைரஸ் சிகரெட்டிலிருந்து விரல் வழியே ஏறிவிடும், ஏறினால் மருந்து கிடையாது. பெட்டூனியா என்ற பெயரே தென்னமெரிக்கப் பழங்குடி மொழியில் புகையிலையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான்.

விதை விஷயத்திலும் ஏமாறாதீர்கள். ஒரு பூவில் ஏழு நிறம் காட்டும் படத்தைப் பார்த்து ஆன்லைனில் நானே ஒருமுறை வாங்கினேன். வந்தது ஏதோ ஒரு களைச்செடி. போன வருடச் செடியிலிருந்து நாமே எடுத்த விதையும், தாய்ச்செடி எஃப்1 (இரண்டு வேறு செடிகளைக் கலந்த முதல் தலைமுறை) கலப்பினம் என்றால், அதே பூவைத் தராது. சர்ஃபினியா மாதிரி சில ரகங்களைத் தண்டு வெட்டித்தான் பெருக்குகிறார்கள், அவற்றை விதையில் தேட வேண்டாம். விதையில் படரும் ரகம் வேண்டுமானால் வேவ் வரிசையைக் கேளுங்கள். சர்ஃபினியாவைக் கொண்டுவந்தது ஜப்பானின் சன்டோரி என்ற விஸ்கி கம்பெனி, வேவை உருவாக்கியது கிரின் என்ற பீர் கம்பெனி. குடிப்பவர்களுக்கும் இந்தப் பூவுக்கும் என்ன உறவோ!

விதைக்கும் நாளை மே மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இங்கே தோட்டத்தில் நடுவது விக்டோரியா டே வார இறுதியில், அதாவது மே 25-க்கு முந்தைய திங்களை ஒட்டி. அதிலிருந்து பத்து, பன்னிரண்டு வாரம் பின்னால் போனால் பிப்ரவரிக் கடைசி முதல் மார்ச் நடு வரை. தைப்பொங்கல் முடிந்த கையோடு விதைத்துவிட்டு, ஏப்ரலில் வேர் சுற்றிப்போன செடியோடு திண்டாடுபவர்கள் உண்டு. அந்த அம்மாவிடம் சாய்ந்த தட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாக விதைக்கச் சொன்னேன். முகம் வாடினாலும் செய்தார். நான்கு இலை வந்ததும் குழித்தட்டின் தனிக் குழியில் மாற்றினார். செடி வளர வளர விளக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்.

மே நடுவில் மறுபடி கூப்பிட்டார். செடிகள் குட்டையாக, தடித்த தண்டோடு நன்றாக வந்திருந்தனவாம். அன்று வெயில் அடித்ததால் அத்தனையையும் தூக்கிக் காலையிலேயே பால்கனியில் வைத்துவிட்டார். மாலைக்குள் இலையெல்லாம் வெளுத்துவிட்டது. முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்ல மறந்திருந்தேன். உச்சி வெயில் அவருடைய விளக்கைப் போல பத்து மடங்குக்கும் மேல்.

"இதுக்கும் லைற்தான் காரணமோ, தம்பி?"

"ஆமாம்மா. இந்தத் தடவை கூடிப்போச்சு."