கதையில் கார் விபத்து எழுதப் போகிறீர்களா?

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். கதை எழுதுகிற நண்பர்கள் அவ்வப்போது கேட்பார்கள்: "என் கதையில் ஒரு கார் விபத்து வருகிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். உண்மையில் என்னென்ன நடக்கும், சொல்லுங்களேன்." எவ்வளவு வேலை இருந்தாலும் உட்கார்ந்து சொல்வேன். விபத்து நடந்த இடத்தில் என்ன செய்வதென்று நம்மில் பெரும்பாலானவர்கள் எந்த வகுப்பிலும் கற்றதில்லை. கதையில் படித்ததும் திரையில் பார்த்ததும்தான் அந்த நேரத்தில் கைக்கு வருகிறது. அடிபட்டவரை அவசரமாக வெளியே இழுப்பது, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வது, வாயில் தண்ணீர் ஊற்றுவது. மூன்றுமே ஆபத்து. மூன்றையும் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள்.

கார் மோதினால் உடனே வெடிக்கும் என்ற பயம் திரையில் பார்த்துப் பார்த்து ஊறிப்போனது. மோதிய கார்களில் தீப்பிடிப்பதே குறைவு, வெடிப்பது அதைவிட அபூர்வம். ஆனால் ஏர்பேக் விரியும்போது வெள்ளைத் தூள் புகை மாதிரி காருக்குள் பரவும், கருகிய வாடையும் வரும். உள்ளே இருப்பவரே தீப்பிடித்துவிட்டதாக நினைத்துப் பதறுவார். கதைக்கு அருமையான இடம் இது. நிஜமாகவே தீ, அல்லது தண்ணீருக்குள் கார் இறங்குகிறது, அல்லது மூச்சு இல்லை என்றால் இழுத்தே ஆகவேண்டும். மற்றபடி அவரை அப்படியே விடுவதுதான் உதவி. கழுத்தெலும்பு முறிந்திருந்தால், தப்பான ஒரு திருப்பலில் தண்டுவடம் அடிபட்டு, கைகால் நிரந்தரமாகச் செயலிழந்து போகலாம்.

சரி, உங்கள் கதாபாத்திரம் விவரம் தெரிந்தவர் என்றால் என்ன செய்வார்? தன் வண்டியைத் தள்ளி நிறுத்தி விளக்குகளை மினுக்க விடுவார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு இடத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்வார். மோதிய காரின் இன்ஜினை அணைப்பார். அடிபட்டவரிடம் பக்கவாட்டிலிருந்து பேசமாட்டார், பேசினால் அவர் தலையைத் திருப்புவார். முகத்துக்கு நேரே நின்று "தலையை அசைக்காதீர்கள், இங்கேதான் இருக்கிறேன்" என்பார். பின்சீட்டில் ஏறி, இரண்டு கைகளாலும் அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கைகளை எடுக்கமாட்டார். கை மரத்துப்போகும். முகம் பார்க்க முடியாத இரண்டு பேர் அத்தனை நேரம் என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு முழு அத்தியாயத்துக்கான விஷயம் அதில் இருக்கிறது.

பல பேர் அடிபட்ட விபத்தில், வந்து இறங்கும் மருத்துவக் குழு யாரை முதலில் பார்க்கும்? அலறுபவரை என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அலறுகிறார் என்றால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் சாய்ந்து கிடப்பவரிடம்தான் முதலில் ஓடுவோம். 1983-ல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவான 'ஸ்டார்ட்' என்ற முறை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. நடக்க முடிந்தவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, மற்றவர்களின் மூச்சு, ரத்த ஓட்டம், சொன்னதைப் புரிந்து செய்கிறாரா என்பதை மட்டும் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு அட்டை கட்டுவார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. இனி காப்பாற்ற முடியாது என்று கறுப்பு அட்டை கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகரவேண்டியவரின் மனநிலையை எழுதுங்கள். எங்கள் தொழிலின் கனமான இடம் அது.

நடந்து போனவரையும் மறக்கவேண்டாம். "எனக்கு ஒண்ணும் இல்லை, அவங்களைப் பாருங்க" என்று ஓரமாக உட்கார்ந்திருப்பவர் கொஞ்ச நேரத்தில் சரிந்துவிடலாம். பெரியவர் ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். ஏறக்குறைய 30 சதவீதம் போகும்வரைக்கும்கூட பிபி பெரிதாக இறங்காமல் உடம்பு தாக்குப்பிடிக்கும், இளவயதினரில் குறிப்பாக. அதற்குள் வேறு அறிகுறிகள் வந்துவிடும். தோல் வெளுத்து ஜில்லிட்டு வியர்க்கும். நாடி வேகமாக ஓடும். காரணமில்லாமல் படபடப்பார், எழுந்து போகப் பார்ப்பார், தாகம் என்பார். அந்தத் தாகத்தைப் பார்த்துத்தான் சுற்றியிருப்பவர்கள் தண்ணீர் கொடுக்கிறார்கள். பாதி மயக்கத்தில் குடித்த தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கலாம். வயிற்றில் தண்ணீர் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தாகும். உதட்டை நனைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் கதாபாத்திரத்தை.

ரத்தம் வெளியே தெரிந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. தொடையெலும்பு முறிந்தால் ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கிவிடும். வயிற்றுக்குள்ளும் இடுப்பெலும்பைச் சுற்றியும் இன்னும் அதிகம் போகலாம். சட்டையில் ஒரு சொட்டுகூட இருக்காது.

அதனால் எழுத்தாளர்களிடம் நான் எப்போதும் முதலில் கேட்பது, கார் எப்படி மோதியது என்பதைத்தான். கார் எதிலோ மோதுகிறது, உடம்பு காருக்குள் மோதுகிறது, உடம்புக்குள் இருக்கும் உறுப்புகள் எலும்புக்கூட்டில் மோதுகின்றன. இந்த மூன்று மோதலையும் தீர்மானித்துவிட்டால் காயங்கள் தானாக அமையும். நேருக்கு நேர் மோதினால் முழங்கால் டேஷ்போர்டில் இடித்து இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவலாம். சீட் பெல்ட் போடாதவரின் நெஞ்சு ஸ்டீயரிங்கில் போய் இடிக்கும். பக்கவாட்டில் கதவில் மோதினால் விலா, இடுப்பெலும்பு, மோதிய பக்கத்தைப் பொறுத்துக் கல்லீரலோ மண்ணீரலோ அடிபடும். சீட் பெல்ட் போட்டவருக்குத் தோளிலிருந்து குறுக்காக ஒரு கன்றிய கோடு இருக்கும். உயிரைக் காப்பாற்றிய கோடு அது. ஆனால் அடிவயிற்றில் அந்தக் கோட்டைப் பார்த்தால் குடல் கிழிந்திருக்குமோ என்று நாங்கள் தேட ஆரம்பிப்போம்.

நசுங்கிய காரிலிருந்து எடுக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். தீயணைப்பு வீரர்கள் கூரையை வெட்டும்போது சத்தம் காதைப் பிளக்கும். கண்ணாடித்தூள் படாமல் அடிபட்டவரைப் போர்வையால் மூடுவார்கள். அந்த இருட்டுக்குள் அவரோடு ஒரு பாராமெடிக்கும் இருப்பார், அடுத்து என்ன சத்தம் வரும் என்று சொல்லிக்கொண்டே.

இனி ஆஸ்பத்திரி. கதவு திறந்ததும் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடுவதாகக் காட்டுவார்கள். நன்றாக நடக்கும் இடத்தில் முதல் அரை நிமிடம் அமைதியாக இருக்கும். ஆம்புலன்ஸில் வந்தவர் வயது, எப்போது, எப்படி மோதியது, என்னென்ன காயம், பிபி எவ்வளவு, என்ன கொடுத்தோம் என்று சொல்லி முடிக்கும்வரை யாரும் பேசமாட்டார்கள். உயிர்போகும் ரத்தக்கசிவு, மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம், மூளை, பிறகு உடல் முழுவதும் என்பதுதான் வரிசை. கையில் எலும்பு வெளியே தெரிந்தாலும் அது தன் முறை வரும்வரை காத்திருக்கும். இந்த வரிசை எல்லா நாட்டுக்கும் போனதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1976-ல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி இறந்துவிட்டார். குழந்தைகளுக்குப் போன ஆஸ்பத்திரியில் கிடைத்த சிகிச்சையைப் பார்த்து நொந்துபோனவர், சக மருத்துவர்களோடு சேர்ந்து பயிற்சி வகுப்பு ஒன்றை உருவாக்கினார். 1978-ல் தொடங்கிய அந்த வகுப்பில்தான் உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் பயில்கிறார்கள்.

அந்த அறையில் அடிபட்டவருக்குத் தெரிவது கூரை விளக்கும் மேலே குனியும் முகங்களும்தான். கனத்த கத்தரிக்கோலால் உடையைக் கால் முதல் கழுத்துவரை வெட்டிவிடுவோம். பிடித்த சட்டை என்று அழுதவர்கள் உண்டு. உடனே சூடான போர்வை போர்த்துவோம், ஏனென்றால் குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. பலர் "என்ன ஆச்சு? வண்டியில வேற யாரு இருந்தா?" என்று கேட்பார்கள். பதில் சொல்வோம். இரண்டு நிமிடத்தில் அதே குரலில் அதையே திரும்பக் கேட்பார்கள். தலையில் அடிபட்டதன் விளைவு அது. கூட வந்தவர் இறந்துவிட்டார் என்றால், அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து நிற்கும்.

தலைக்காயத்தை எழுதும்போது மறதியையும் இந்த அளவில் வையுங்கள். விபத்தை ஒட்டிய நிமிடங்களோ, நாட்களோ அழிந்துபோவது சகஜம். பெயரும் குடும்பமும் மொத்தமாக மறந்து, இன்னொரு அடியில் திரும்பிவருவது நடக்காது. நடக்கக்கூடிய ஒன்று சொல்கிறேன்: மயங்கியவர் எழுந்து தெளிவாகப் பேசுவார், சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, மறுபடி மயக்கம். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்துகொண்டே வந்திருக்கும். சி.டி. ஸ்கேனில் பார்த்து உடனே திறந்தால் முழுக்கப் பிழைக்கவும் வாய்ப்பு உண்டு.

மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது நெஞ்சில் ஷாக் வைக்கும் காட்சியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நேர்கோட்டுக்கு ஷாக் வேலை செய்யாது. விபத்தில் இதயம் நிற்பது பெரும்பாலும் ரத்தம் தீர்ந்துபோய், அல்லது நெஞ்சுக்குள் காற்று அடைத்து. ரத்தம் ஏற்றுவோம், நெஞ்சில் துளையிட்டுக் காற்றை வெளியேற்றுவோம். அப்படியும் பிழைப்பவர்கள் குறைவு.

"24 மணி நேரம் கழித்துத்தான் சொல்ல முடியும்" என்று கண்ணாடியைக் கழற்றியபடி நாங்கள் சொல்வதில்லை. குடும்பத்தை உட்காரவைத்து, அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்போம். இறந்துவிட்டார் என்றால் "இறந்துவிட்டார்" என்றே சொல்வோம். சுற்றி வளைத்தால் இன்னும் நம்பிக்கை இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். பிழைத்தவர் வென்டிலேட்டரில் இருந்தால் வாய்க்குழாயோடு பேச முடியாது, கையெழுத்து கோணலாக எழுதிக் காட்டுவார். அடுத்த அத்தியாயத்தில் அவரை ஓடவிடாதீர்கள். தொடையெலும்புக்குக் கம்பி வைத்தவர் பழையபடி நடக்க மாதங்கள் ஆகும். விலா முறிந்தவருக்கு ஆறு வாரமாவது தும்மவே பயமாக இருக்கும்.