படகுக்கு பேட்டரி வாங்கும் முன்: லேபிளில் உள்ள எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கார் பேட்டரியைப் படகில் வைத்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். சிக்கல் பிறகுதான் வரும். நங்கூரம் போட்டு நிற்கும்போது விளக்கு, ஃபிஷ் ஃபைண்டர் (மீன் தேடும் கருவி), பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் நீரை இறைப்பது) எல்லாம் இரவு முழுக்க ஓடி, விடிவதற்குள் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்துவிடும். இப்படிச் சில டஜன் தடவை நடந்தால் போதும், அந்த பேட்டரி எஞ்சினைக்கூடச் சுற்றாது.

காரணம் உள்ளே இருக்கும் தகடுகள். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். பரப்பு அதிகம் என்பதால் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். ஆனால் ஆழமாகக் காலி செய்தால் தகட்டின் மேல்பூச்சு உதிர்ந்து அடியில் படியும். டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிமனானவை, எண்ணிக்கையில் குறைவானவை. மெதுவாக, நீண்ட நேரம் மின்சாரம் தர உருவானவை. இரண்டுக்கும் நடுவில் ‘டூயல் பர்ப்பஸ்’ என்று ஒன்று விற்பார்கள். ஒரே ஒரு பேட்டரிக்குத்தான் இடம் என்றால் அது பரவாயில்லை. இடம் இருந்தால் எஞ்சினுக்கு ஒன்று, மற்ற சாதனங்களுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். இரவில் விளக்கு எரிந்ததற்காகக் காலையில் எஞ்சின் கிளம்பாமல் போகக்கூடாது.

லேபிளில் எஞ்சினைச் சுற்றும் திறனைக் காட்ட சிசிஏ (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்), எம்சிஏ (மரைன் கிராங்கிங் ஆம்ப்ஸ்) என்று இரண்டு எண்கள் இருக்கலாம். சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், 30 விநாடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் தரக்கூடிய ஆம்பியர். எம்சிஏ அதே சோதனைதான், ஆனால் 0 டிகிரியில். அதனால் எண் பெரிதாகத் தெரியும். ஏறக்குறைய 800 சிசிஏ உள்ள பேட்டரியில் 1000 எம்சிஏ என்று போட்டிருப்பார்கள். எஞ்சின் கையேடு எதைக் கேட்கிறதோ அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

அதிகம் ஏமாற வைப்பது ஏஎச், அதாவது ஆம்பியர் மணி. 100 ஏஎச் என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் வரும் என்று அர்த்தம். வேகமாக இழுத்தால் அந்த 100 கிடைக்காது. அதே பேட்டரியின் ரிசர்வ் கெப்பாசிட்டி சுமார் 180 நிமிடம் இருக்கும். 25 ஆம்பியர் இழுத்து 10.5 வோல்ட்டுக்கு இறங்க ஆகும் நேரம் அது. கணக்குப் போட்டால் 75 ஏஎச்தான். முழு வேகத்தில் 50 ஆம்பியர் கேட்கும் டிரோலிங் மோட்டாரை (படகை மெதுவாக நகர்த்தும் மின் மோட்டார்) லெட் பேட்டரியில், அதாவது ஈயத் தகடுள்ள வழக்கமான பேட்டரியில், ஓட்டினால் இன்னும் குறையும். பாதி சார்ஜில் நிறுத்தினால் முக்கால் மணி நேரம்கூட வராது.

எனவே கடைக்குப் போகும் முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். கேபின் உள்ள ஒரு படகின் 24 மணி நேரத் தேவை ஏறக்குறைய இப்படி இருக்கும்: 5 ஆம்பியர் ஃப்ரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் 60 ஏஎச், சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடத் திரை) 12, விஎச்எஃப் ரேடியோ 10, கேபின் விளக்கு 10, நங்கூர விளக்கு 4, தண்ணீர் பம்ப், போன் சார்ஜ் போன்றவை 10. மொத்தம் 106. ஃப்ரிட்ஜ் ஒன்றே பாதிக்கு மேல் தின்றுவிடுவதைப் பாருங்கள். பேட்டரியைப் பெரிதாக்கும் முன் ஃப்ரிட்ஜின் இன்சுலேஷனைச் சரிசெய்வது பல சமயம் லாபம்.

லெட் பேட்டரியில் 50 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் இருந்தால்தான் ஆயுள் நிற்கும். ஆக 106 ஏஎச்சுக்கு 212 வேண்டும். அதுவும் போதாது. லெட் பேட்டரி கடைசி 20 சதவீதத்தை மிக மெதுவாகத்தான் ஏற்கும், எஞ்சினை ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டி அதை நிரப்ப முடியாது. கரை மின்சாரமோ சோலாரோ இல்லாவிட்டால் உண்மையில் புழங்குவது 30, 35 சதவீதம்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுக்கலாம், 150 ஏஎச் தாராளம்.

லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) நேராக இணைக்காதீர்கள். அது கிடைக்கும் கரன்ட்டையெல்லாம் உறிஞ்சும், குறைந்த சுழற்சியில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். சார்ஜ் ஏறும்போது பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று) திடீரென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளைப் பதம் பார்க்கும். எஞ்சினுக்கு லெட் பேட்டரியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு ஏற்றுவதே பாதுகாப்பு. உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவே கூடாது.

லெட் வகைகளில், தண்ணீர் ஊற்றும் பேட்டரி மலிவு, ஆனால் நிமிர்ந்தே இருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும். அதன் அமிலம் கடல் நீரோடு கலந்தால் நச்சான குளோரின் வாயு வரும். ஏஜிஎம், அதாவது அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் வகை, சிந்தாது, அதிர்வைத் தாங்கும். பெரும்பாலான சிறு படகுகளுக்கு அதுவே நல்ல தேர்வு. ஜெல் வகையை 14.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் செய்தால் ஜெல்லில் குமிழி விழும், அது திரும்பச் சரியாகாது. உங்கள் சார்ஜரில் வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லையென்றால் ஜெல் வாங்காதீர்கள்.

பொருத்தும்போது பேட்டரி அசையக்கூடாது. அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி, 90 பவுண்டு விசையில் இழுத்தாலும் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது என்கிறது. ஸ்டார்ட்டர் கேபிள் தவிர்த்து, பாசிட்டிவ் கம்பிக்கு ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதே தரத்தின் விதி. கம்பி வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும், இல்லையென்றால் உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே பச்சை பிடிக்கும். பட்டாம்பூச்சி நட் அதிர்வில் தளரும். பூட்டும் வாஷரோடு ஹெக்ஸ் நட் போடுங்கள். இரண்டு பேட்டரிகளை இணையாகப் போட்டால் பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். பழையதோடு புதியதை இணைத்தால் பழையது புதியதையும் கெடுக்கும்.

பணம் கொடுக்கும் முன் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, மல்டிமீட்டரை டெர்மினலில் வையுங்கள். சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் லெட் பேட்டரி 12.7 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே என்றால் கடை அலமாரியில் கிடந்தே அதன் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட ஆரம்பித்திருக்கலாம், வேறொன்று கேளுங்கள்.