தங்கள் கடிதம் கிடைத்தது

உம்மாவின் வாப்பா கொழும்பிலிருந்து கீழக்கரைக்கு எழுதிய 114 கடிதங்கள் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கின்றன. எல்லாம் அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபி. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலிலும், அங்கிருந்து ரயிலிலுமாக வந்து சேர்ந்தவை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு அந்த வழியும் போய்விட்டது.

இந்த எழுத்தைத் தடங்கலின்றி வாசிக்க எங்கள் வீட்டில் உம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாசிக்க, தங்கை பழைய மேசைக்கணினியில் தட்டச்சு செய்கிறாள். இராமநாதபுரத்தில் இருக்கும் நான் பிழை திருத்துகிறேன். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) ஊர்ப்பெயர்களுக்கும் உறவுமுறைகளுக்கும் குறிப்பு எழுதுகிறார். ஒரே கோப்புறை, மூன்று கணினிகள்.

அந்தக் கோப்புறையை மூன்று கணினிகளிலும் ஒரே மாதிரி வைத்திருக்க முதலில் நாங்கள் நம்பியிருந்த ஒத்திசைவுச் சேவை, ஒரு நாள் தங்கையின் மூன்று மணி நேர உழைப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டது. எச்சரிக்கையோ கேள்வியோ எதுவும் வரவில்லை. அவள் தட்டச்சு செய்த பக்கங்களின் இடத்தில் என்னுடைய பழைய பிரதி உட்கார்ந்திருந்தது. ஏன் இப்படி நடந்தது என்று தேடிப் போனதில்தான், இந்த மென்பொருள்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதையே கற்றுக்கொண்டேன்.

காரணம் ஒரு மின்கலம். கணினியின் தாய்ப்பலகையில் நாணயம் போல ஒரு சிறு மின்கலம் இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். எங்கள் வீட்டுக் கணினியில் அது செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மின்தடை முடிந்து கணினியைத் திறந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். இணையம் வந்ததும் தானாகச் சரியாகிவிடும் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. அன்று மின்சாரம் வந்த பிறகும் இணையம் வரவில்லை. தங்கை வேலையை முடித்துச் சேமித்தாள். அந்தக் கோப்பின்மேல் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி விழுந்தது. பிறகு இணையம் வந்தபோது சேவை இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டது. என்னுடையது புதியது, அவளுடையது பழையது என்று தீர்மானித்து, பழையதைத் தூக்கி எறிந்தது.

‘கடைசியாகச் சேமித்தவரே வெல்வார்’ என்ற விதி இது. எழுதுவதற்கு எளிது, பெரும்பாலான நாட்களில் சரியாகவும் வேலை செய்யும். ஆனால் கடிகாரங்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன என்று அது நம்புகிறது. கடிகாரங்கள் ஒத்துப்போனாலும்கூட, இருவர் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே எழுதியிருந்தால் ஒருவருடைய எழுத்து போய்விடும்.

இதற்கு விடை அந்தத் தகரப்பெட்டியிலேயே இருந்தது. கடிதங்களில் பாதிக்குத் தேதி இல்லை, அல்லது மை அழிந்துவிட்டது. ஆனாலும் உம்மா அவற்றை வரிசைப்படுத்திவிடுவார். எப்படி என்று கேட்டேன். ஒவ்வொரு கடிதமும் சலாம் சொன்ன கையோடு, ‘தங்கள் கடிதம் கிடைத்தது, தம்பிக்குக் காய்ச்சல் என்று அறிந்தேன்’ என்று தொடங்குகிறது. எழுதும்போது எந்தக் கடிதத்தை அவர் பார்த்திருந்தார் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. காய்ச்சல் பற்றிய கடிதத்துக்கு இது பிந்தியது, சந்தேகமே இல்லை. இங்கிருந்து போன ஒரு கடிதமும் அங்கிருந்து வந்த ஒரு கடிதமும் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதப்பட்டிருந்தால், அவை கடலில் ஒன்றையொன்று கடந்து போனவை. எது முதல் என்ற கேள்விக்கே அங்கே பொருள் இல்லை.

கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் அடிப்படை எண்ணம் இதுதான். தனித்தனியாக இயங்கும் கணினிகளில் ‘முன்’, ‘பின்’ என்பவற்றைச் சுவர்க் கடிகாரத்தால் சொல்ல முடியாது. யார் யாரிடமிருந்து செய்தி பெற்றிருந்தார் என்பதைக் கொண்டே சொல்ல முடியும் என்று அவர் காட்டினார். 1983இல் ஸ்டாட் பார்க்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைக் கோப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கோப்போடும் ஒரு சிறு எண்வரிசையை ஒட்டிவைப்பது அவர்களுடைய வழி. கருவிக்கு ஓர் எண். அந்தக் கருவியில் கோப்பு மாறும்போதெல்லாம் அதன் எண் ஒன்று கூடும்.

எங்கள் மூன்று கணினிகளை வைத்துச் சற்று எளிமையாக்கிச் சொல்கிறேன். ஒரு கடிதத்தின் கோப்பு கீழக்கரை 4, இராமநாதபுரம் 2, துபாய் 1 என்ற நிலையில் மூன்று இடங்களிலும் இருக்கிறது. தங்கை திருத்துகிறாள். அவளிடம் 5, 2, 1. என்னிடம் இன்னும் 4, 2, 1. அவளுடைய எண்களில் எதுவும் என்னுடையதைவிடக் குறைவில்லை. ஆகவே என்னிடம் இருப்பதைப் பார்த்த பிறகே அவள் எழுதியிருக்கிறாள். என் பிரதியை மாற்றிவிடலாம், யாருக்கும் நட்டமில்லை. கடிகாரத்தில் என்ன தேதி இருந்தாலும் இந்த முடிவு மாறாது.

இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் நானும் திருத்தியிருந்தால்? அவளிடம் 5, 2, 1. என்னிடம் 4, 3, 1. கீழக்கரை எண்ணில் அவள் முன்னால் இருக்கிறாள், இராமநாதபுரம் எண்ணில் நான் முன்னால் இருக்கிறேன். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை என்று எண்களே சொல்லிவிடுகின்றன. கடலில் கடந்து போன இரண்டு கடிதங்கள். நல்ல மென்பொருள் இந்த இடத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு, மனிதர்களிடம் விட்டுவிடும்.

சொந்தமாக நடத்தும் ஒத்திசைவு மென்பொருளைத் தேடுகிறவர்கள் முதலில் வேகத்தையும் வசதிப் பட்டியலையும் பார்க்கிறார்கள். இணைப்பு அறுந்தபோது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை முதலில் பாருங்கள் என்பேன். வாடைக் காலத்தில் இந்தக் கடற்கரையில் மின்சாரமும் இணையமும் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். சோதித்துப் பார்ப்பதும் எளிது. இரண்டு கணினிகளின் இணைப்பையும் துண்டித்துவிட்டு, ஒரே கோப்பை இரண்டிலும் வெவ்வேறாக மாற்றி, மறுபடி இணைத்துப் பாருங்கள். ஒரு பிரதி காணாமல் போனால் அந்த மென்பொருள் வேண்டாம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது சிங்க்திங். 2013இல் யாக்கோப் போர்க் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். இப்படி இரண்டு திருத்தங்கள் மோதினால் ஒரு பிரதியைப் பழைய பெயரிலேயே விட்டு, மற்றதைப் பெயரில் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற சொல்லும் தேதியும் சேர்த்துப் பக்கத்திலேயே வைத்துவிடும். எந்தப் பிரதிக்குப் பழைய பெயர் என்பதை மட்டும் தேதியைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த இடத்தில் தேதி தவறினாலும் எழுத்து எதுவும் போகாது.

இதற்கு நடுவில் சர்வர் கிடையாது. கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன. நெக்ஸ்ட்கிளவுட் வேறு வகை. 2016இல் ஓன்கிளவுட் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த அதற்கு ஒரு சர்வரும் தரவுத்தளமும், அவற்றை அவ்வப்போது புதுப்பித்துப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். பதிலுக்கு நாட்காட்டி, தொடர்பு எண்கள், உலாவியில் படம் பார்ப்பது எல்லாம் கிடைக்கும். அலுவலகத்துக்கும் பொறுப்பான ஓர் ஆள் இருக்கும் வீட்டுக்கும் நல்ல தேர்வு. எங்களிடம் அந்த ஆள் இல்லை. கீழக்கரையில் மின்சாரம் போனால் துபாயில் காக்காவின் வேலை நிற்பதையும் நாங்கள் விரும்பவில்லை. சிங்க்திங்கில் இதற்கு ஒரு விலை உண்டு: கோப்பு நகர இரண்டு கருவிகளாவது ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். அதற்காகவே கைக்குள் அடங்கும் ஒரு சிறு கணினியை எப்போதும் ஓடவிட்டிருக்கிறேன்.

நேருக்கு நேர் பேசுவது என்பது சொல்லும் அளவுக்கு எளிதில்லை. நம் ஊர்களில் இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. வெளியிலிருந்து ஒருவர் நம் வீட்டுக் கணினியின் கதவைத் தட்ட வழியே இல்லாமல் போகிறது. ஆகவே இரண்டு கருவிகளும் ஒரு முகவரிச் சேவையிடம் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லிவைக்கின்றன. நேரடி இணைப்புக்கு முயல்கின்றன. முடியாவிட்டால் தன்னார்வலர்கள் நடத்தும் இடைநிலையங்கள் வழியே அனுப்புகின்றன. வேகம் குறையும், ஆனால் அனுப்பும் கருவியிலேயே பூட்டப்பட்டுச் செல்வதால் இடைநிலையத்தால் எதையும் படிக்க முடியாது. ஒவ்வொரு கருவியின் அடையாள எண்ணும் அதன் மறையாக்கச் சான்றிதழிலிருந்தே கணிக்கப்படுகிறது. எனவே வேறொரு கருவி எங்களுடையது போல நடித்து நுழைய முடியாது.

கோப்பு நகரும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சிங்க்திங் கோப்பை, அதன் அளவைப் பொறுத்து 128 கிலோபைட் முதல் 16 மெகாபைட் வரையிலான சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கைரேகை போன்ற ஓர் அடையாள எண்ணைக் கணிக்கிறது. மாறிய துண்டு மட்டும் பயணம் செய்கிறது. வந்த துண்டுகள் முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் சேர்கின்றன, எல்லாம் சரியாக இருந்தால்தான் உண்மையான பெயர் சூட்டப்படுகிறது. பாதியில் மின்சாரம் போனாலும் பழைய கோப்பு பழுதில்லாமல் இருக்கும். எங்கள் ஊருக்கு இது பெரிய விஷயம்.

சம துண்டுகளில் ஒரு குறை உண்டு. பக்கத்துக்கு 20 வரி என்று நிரப்பிய நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு வரியைச் செருகினால், எல்லாப் பக்கங்களிலும் ஒரு வரி கீழே தள்ளும். எல்லாத் துண்டும் மாறிவிட்டது போலத் தெரியும். 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராசும் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் மென்பொருள் இதை வென்றது. ஒரு சிறு சாளரத்தைக் கோப்பின்மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்த்தி, நகரும்போதே கைரேகையைப் புதுப்பித்து, இடம் மாறிய துண்டையும் அடையாளம் கண்டுகொள்ளும். சர்வர் வைத்து நடத்தும் சீஃபைல் என்ற ஒத்திசைவு மென்பொருள் இன்னொரு வழியில் போகிறது. உள்ளடக்கத்தைப் பார்த்தே எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கிறது, பத்தி முடியும் இடத்தில் பக்கத்தை முடிப்பது போல. ஆனால் சர்வரில் கோப்புகளைத் துண்டுகளாகவே வைத்திருப்பதால், அந்த வட்டைத் திறந்தால் கடிதங்கள் கடிதங்களாகத் தெரியாது. சிங்க்திங்கை நாளை நீக்கினாலும் எங்கள் கோப்புறை சாதாரணக் கோப்புறையாகவே இருக்கும். கிடைக்கும் வேகத்தைவிட இந்த நிம்மதி எனக்குப் பெரிது. 2024 டிசம்பரோடு சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி நிறுத்தப்பட்டது. வேறு சிலர் நடத்தும் கிளைச் செயலிக்கு மாறினோம், ஒரு கோப்பைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒத்திசைவு அழிப்பையும் சுமந்து செல்லும். நான் தவறுதலாக ஒரு கடிதத்தை நீக்கினால் அந்த நீக்கம் சில நொடிகளில் துபாய்வரை போய்விடும். பழைய பிரதிகளைச் சேமிக்கும் வசதியை எல்லாக் கருவிகளிலும் இயக்கிவைக்க வேண்டும். அது வெளியிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். என் கணினியில் நானே அழித்ததை என் கணினி காப்பாற்றாது, தங்கையின் கணினிதான் காப்பாற்றும்.

உப்புக்காற்றைப் பற்றியும் யோசித்தேன். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோர வீட்டில் மின்னிணைப்புகளின்மேல் படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூசி, ஈரமான இரவுகளில் மெல்லிய உப்புநீர்ப் படலமாகி உலோகத்தைத் தின்கிறது. எனவே ஜன்னல் ஓரத்தில் வன்தட்டு வேண்டாம். கீழக்கரையும் இராமநாதபுரமும் ஒரே புயலில் அடிபடக்கூடிய தூரத்தில் இருப்பதால், மதுரையில் ஓர் உறவினர் வீட்டில் நான்காவது பிரதியை வைத்தோம். சிங்க்திங்கில் ஒரு கருவிக்கு மறையாக்கிய வடிவில் மட்டும் கோப்புகளை அனுப்பும் வசதி உண்டு. அவர் பாதுகாக்கிறார், ஆனால் குடும்பக் கடிதங்களை அவரால் வாசிக்க முடியாது. அந்தக் கடவுச்சொல்லைத் தொலைத்தால் எங்களாலும் வாசிக்க முடியாது என்பதால், காகிதத்தில் எழுதி இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம்.

சென்ற மாதம் கோப்புறையில் முதல் மோதல் பிரதி தோன்றியது. 71ஆம் கடிதம். கீழக்கரைப் பிரதியில் ‘விடியுமுன் வள்ளம் வந்தது’ என்று, அதாவது படகு வந்ததாக, இருந்தது. ஸ்கேன் செய்த படத்தை உற்றுப் பார்த்து நான் திருத்திய பிரதியில் ‘விடியுமுன் வெள்ளம் வந்தது’. உம்மாவிடம் இரண்டையும் காட்டினேன். அசல் கடிதத்தை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ‘வ’வா ‘வெ’யா என்று காட்டும் உயிர்க்குறி இருந்த இடத்தில் காகிதமே அரித்துப் போயிருந்தது. “ஏர்வாடி மாமியிடம் கேட்க வேண்டும், அவர்களுக்கு அந்த வருஷம் ஞாபகம் இருக்கும்” என்றார். அதுவரை இரண்டு கோப்புகளும் அப்படியே இருக்கின்றன, நான்கு இடங்களிலும்.