ஸ்கின் டாக்டரைத் தேடும்போது போர்டை மட்டும் பார்க்காதீர்கள்

ஒரு மாவட்டத் தலைநகரில் தோல் மருத்துவராகக் கிளினிக் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நேராக வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. முதலில் மெடிக்கலில் ஒரு ட்யூப், அது கேட்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன க்ரீம், அப்புறம் பார்லர், அதற்கும் பிறகு ‘ஸ்கின், ஹேர், லேசர்’ என்று பெரிய போர்டு மாட்டிய ஓர் இடம், இப்படி எல்லாம் சுற்றி, காசும் கரைந்து, முகமும் எரிய ஆரம்பித்த பிறகுதான் வருகிறார்கள். இந்தச் சுற்றைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, தோல் மருத்துவத்தில் 3 ஆண்டு எம்.டி. அல்லது டி.என்.பி., இல்லையென்றால் 2 ஆண்டு டிப்ளமோவான டி.டி.வி.எல். படித்தவர்தான் தோல் மருத்துவர். மூத்த டாக்டர்களின் சீட்டில் டி.டி., டி.வி.டி. என்றும் இருக்கும், அதுவும் சரிதான். அழகு சிகிச்சைக்கான காஸ்மெட்டாலஜி டிப்ளமோ, ஏஸ்தெடிக் மெடிசின் ஃபெலோஷிப், முடிக்கான ட்ரைகாலஜிஸ்ட் என்று போட்டிருப்பவை வேறு. சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிகிற கோர்ஸ்கள் அவற்றில் நிறைய. அப்படிப் படித்தவர் நல்ல மனிதராக இருக்கலாம், பேச்சும் இதமாக இருக்கலாம், ஆனால் காளாஞ்சகப்படையையும் (சொரியாசிஸ்) படர்தாமரையையும் பிரித்துப் பார்க்கிற பயிற்சி அதில் கிடைக்காது.

சந்தேகமாக இருந்தால் சரிபார்ப்பது சுலபம். ஒவ்வொரு டாக்டருக்கும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உண்டு. அதைக் கிளினிக்கில் மாட்டியிருக்க வேண்டும், மருந்துச் சீட்டிலும் அச்சிட வேண்டும் என்பது 2002-லிருந்தே விதி. அந்த எண்ணையோ பெயரையோ தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள். கூகுள் ஸ்டாரை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். அதில் பாதிக்கு மேல் எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள், ரிசப்ஷனில் எப்படிப் பேசினார்கள் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

இப்போது அந்த மெடிக்கல் ட்யூபுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் தோல் நோய் முற்றிப் போவதில் அதன் பங்கு மிகப் பெரியது. தொடையிடுக்கிலோ இடுப்பிலோ வட்டமாக அரிக்கிறது என்று கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற க்ரீம்கள் பலவற்றில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, அதோடு குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். போட்ட இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியை அமுக்கிவிடுவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. மாதக்கணக்கில் போட்டவர்களுக்குத் தொடையில் வரிவரியாகத் தழும்பு விழுகிறது, அது மறைவதே இல்லை. இதையே முகம் வெளுக்க வேண்டும் என்று போடுகிற பெண்களுக்குத் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, வெயிலில் இறங்கினாலே எரிகிறது. 2018-ல் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. ஆனாலும் இன்றும் கேட்டால் கிடைக்கிறது, அதுதான் எனக்கு ஆற்றாமை.

இதற்கு நடுவே படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சையும் மாறிவிட்டது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-ல் பெயர் வைத்தார்கள், பெயரிலேயே இந்தியா இருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரைக்கு இது பல நேரம் மசிவதில்லை. அதனால் ‘ஒரே வாரத்தில் சரியாகிவிடும்’ என்று சொல்லி ஊசி போடுகிற இடத்தைவிட, ‘மாதக்கணக்கில் மருந்து எடுக்கணும், வீட்டில் அரிப்பு இருக்கிற எல்லாரும் ஒன்றாக வைத்தியம் பார்க்கணும், துண்டைத் தனியாக வையுங்கள்’ என்று சொல்கிற டாக்டரிடம் போங்கள். கேட்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையைச் சொல்கிறவர் அவர்தான்.

நல்ல டாக்டரை முதல் தடவையிலேயே அடையாளம் காணலாம். நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார். கையில் இருக்கிற படையை மட்டும் காட்டினாலும் முழங்கை, தலை, நகம், வாய்க்குள் எல்லாம் பார்க்கக் கேட்பார், ஏனென்றால் காளாஞ்சகப்படையை நகத்தின் குழிகளும் தலையின் செதிலும்தான் பல நேரம் காட்டிக் கொடுக்கும். பெண்களைப் பரிசோதிக்கும்போது நர்ஸோ கூட வந்தவரோ உள்ளே இருப்பார்கள். இதுவரை என்ன போட்டீர்கள் என்று துருவிக் கேட்பார். தேவைப்பட்டால் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எழுதினால் கர்ப்பம் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார், காளாஞ்சகப்படைக்கு மீதோட்ரெக்ஸேட் எழுதினால் ரத்தப் பரிசோதனை சொல்லி, இது வாரம் ஒரு முறை மட்டும், தினமும் இல்லை என்று அழுத்திச் சொல்லுவார். இதெல்லாம் இல்லாமல் தூரத்திலிருந்தே பார்த்து ஐந்தாறு மருந்து எழுதினால் யோசியுங்கள்.

வெளிறிய தேமல் ஒன்றில் தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா என்று பஞ்சால் தடவிப் பார்க்கிறவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். தொழுநோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்தில் குணமாகும், மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். அந்தப் பெயரைக் கேட்டுப் பயந்து டாக்டரை மாற்றாதீர்கள், மருந்தை ஆரம்பியுங்கள்.

லேசர், பீல் (மருந்து தடவித் தோலின் மேலடுக்கை உரிப்பது), முடி நடுதல் எல்லாம் தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல சிகிச்சைதான். ஆனால் நோய் என்னவென்று சொல்லும் முன்பே ஆறு சிட்டிங் பேக்கேஜ், இன்றே கட்டினால் தள்ளுபடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். செய்யப்போவது டாக்டரா டெக்னீஷியனா என்று கேளுங்கள். நிறம் வெளுக்க குளுட்டாதயோன் ஊசி என்பது அதற்காக அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையே இல்லை. கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்குப் போட்டுவிடலாம் என்று கேட்டு வருகிற அம்மாக்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: வேண்டாம்மா, உங்கள் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள்.

பணம் தடையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 2022-ல் நாமக்கல், திண்டுக்கல், விருதுநகர், அரியலூர் உட்பட ஒரே நேரத்தில் 11 அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டதால் முன்னைப்போல மதுரைக்கும் சென்னைக்கும் ஓட வேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லை. தோல் பிரிவில் கூட்டம் இருக்கும், காலையிலேயே ஓ.பி. சீட்டு போட வேண்டும், ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முறையாகப் படித்தவர்கள்.

தோல் டாக்டரைத் தேடிக்கொண்டே இருக்கக் கூடாத நேரமும் ஒன்று உண்டு. வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை, சல்ஃபா மருந்து மாதிரி ஏதாவது புதிதாக ஆரம்பித்துச் சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்து, வாய் புண்ணாகி, கண் சிவந்து, தோல் தொட்டாலே வலித்தால், அந்த மருந்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைக்குப் போங்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் வரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

மற்றபடி சாதாரணமாக டாக்டரைப் பார்க்கப் போகும்போது மேக்கப், நெயில் பாலிஷ், மருதாணி, எண்ணெய் எதுவும் வேண்டாம். போட்ட ட்யூப்கள் காலியாக இருந்தாலும் கவரில் போட்டு எடுத்து வாருங்கள். தடிப்பு வந்து வந்து மறைகிறது என்றால் வந்தபோதே போனில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம், தெரிந்தால்தான் சரியான மருந்து எழுத முடியும்.