நாழி: பொள்ளாச்சியில் ஒன்று, பாலக்காட்டில் வேறொன்று

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு நான் மருமகளாக வந்த வருடம் தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன். அத்தையின் நோட்டில் 'ஒரு நாழி அரிசிமாவு, கால் நாழி உளுத்தமாவு, வெண்ணெய் 30 கிராம்' என்று இருந்தது. நாழி என்றால் படிதானே என்று, அம்மா பொள்ளாச்சியிலிருந்து கொடுத்தனுப்பிய படியில் அளந்து கொட்டிவிட்டேன். மாவு நாலு மடங்காகிவிட்டது, வெண்ணெய் மட்டும் அதே 30 கிராம். முறுக்கைக் கடிக்க முடியவில்லை. அத்தை சட்டியை இறக்கிவிட்டு ஒரு சின்னப் பித்தளைக் குவளையை எடுத்து வைத்தார். "இதாம்மா நாழி."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். தமிழ்க் கணக்கில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. அந்த நாழிதான் படி. மலையாளத்திலும் இதே ஏணி, இதே பெயர்கள். ஆனால் அங்கே நாலு நாழி சேர்ந்தால்தான் ஓர் இடங்கழி, அந்த இடங்கழிதான் ஏறக்குறைய நம் படி. நாழி கால்பங்காகச் சுருங்க, உரியும் உழக்கும் கூடவே சுருங்கிவிட்டன.

சொல் பழையது. புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரர் 'உண்பது நாழி' என்கிறார். உள்ளே துளையுள்ள பொருளுக்கும் நாழி என்று பெயர் உண்டு. கேரளத்தில் மூங்கில் குழாயை வெட்டிச் செய்த முளநாழியால் அரிசி அளந்திருக்கிறார்கள். நேரத்தைச் சொல்லும் நாழிகையும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

அப்படியானால் பாலக்காட்டு நாழிக்குச் சரியான தமிழ் எது? உழக்கு என்பேன், நம் பக்கத்து உழக்கு. கப், கோப்பை என்று எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. கோப்பையே போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல், அதுவும் பாத்திரத்தின் பெயர். கப்பும் ஊருக்கு ஊர் மாறும்: அமெரிக்காவில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200.

இதைவிட முக்கியமானது, முகப்பதும் நிறுப்பதும் வேறு வேறு என்பது. தமிழ் இதை எப்போதோ பிரித்துவிட்டது. தொல்காப்பியமே அளவுப்பெயர் தனி, நிறைப்பெயர் தனி என்கிறது. பள்ளியில் முகத்தலளவை, நிறுத்தலளவை என்று படித்தோமே, அதுதான். நாழி முகத்தலளவை, கிராம் நிறுத்தலளவை. அத்தையின் குறிப்பில் இரண்டும் கலந்திருந்ததால்தான் வெண்ணெய் பின்தங்கிப்போனது.

மாற்றுவது எளிது. நாழியைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கித் தண்ணீர் நிரப்புங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. எங்கள் நாழி 300. அதே நாழியில் பச்சரிசி தலைதட்டி அளந்தால் 250 கிராம் வருகிறது. சலித்த அரிசிமாவோ 170தான், இடையில் காற்று நிற்கிறது. அதையே அமுக்கி நிரப்பினால் 200ஐத் தாண்டும். ஆகவே மாவுக்கு எடையை நம்புங்கள். அரிசி, பருப்புக்கு நாழியே போதும், தலைதட்ட மறக்காமல் இருந்தால் சரி.

அத்தையின் நோட்டில் ஒவ்வொரு நாழிக்கும் பக்கத்தில் பென்சிலால் கிராம் எழுதிக்கொண்டு வருகிறேன். இப்போது அதிரசம் வரைக்கும் வந்திருக்கிறேன்.