எழுதியது யார் கை?

ஆட்டிசத்தால் பேச்சு வராத பிள்ளை ஒருநாள் கீபோர்டில் அம்மாவுக்கு அன்பாக நாலு வரி தட்டினால், எந்தத் தாய்க்குத்தான் மனம் உருகாது? 1990களில் அமெரிக்காவில் பல குடும்பங்களுக்கு இது நடந்தது. உதவியாளர் ஒருவர் பிள்ளையின் கையைத் தாங்கிப் பிடிப்பார். விரல் எழுத்து எழுத்தாகத் தொடும். ஆஸ்திரேலியாவில் கல்வியாளர் ரோஸ்மேரி கிராஸ்லி தொடங்கிய முறை இது; 'உதவியுடன் தொடர்புகொள்ளல்' (Facilitated Communication) என்று பெயர். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிக்லன் அதை அமெரிக்காவில் பரப்பினார்.

நியூயார்க் மாநிலத்தில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஓ.டி. ஹெக் மையமும் இந்த முறையைப் பயன்படுத்திவந்தது. அதன் உளவியலாளர்களே 12 பேரை வைத்துச் செய்த சோதனை 1993இல் வெளியானது. உதவியாளர், எழுதுபவர் இருவர் முன்னாலும் ஆளுக்கொரு படம். ஒருவர் படம் மற்றவருக்குத் தெரியாதபடி நடுவில் தடுப்பு. இருவருக்கும் ஒரே படம் காட்டியபோது சரியான பதில்கள் வந்தன. இவருக்குச் சாவி, அவருக்குக் கோப்பை என்பதுபோல் படங்களை மாற்றியதும் கதையே வேறு: எழுதுபவர் பார்த்த படத்தின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. பல தடவை வந்தது உதவியாளர் பார்த்தது.

உதவியாளர்கள் ஏமாற்றவில்லை. மனதில் உள்ள எதிர்பார்ப்பு நமக்கே தெரியாமல் தசையை அசைக்கும் என்று 1852லேயே ஆங்கிலேய உடலியலாளர் வில்லியம் கார்பென்டர் விளக்கியிருந்தார். மனசாட்சிப்படி நடப்பவர்களுக்கும் இது நேரும் என்பதால்தான் உளவியல் ஆய்வு யாருடைய நேர்மையையும் மட்டும் நம்பி நிற்பதில்லை. நடுவில் தடுப்பு வைக்கிறது. ஒரு கருத்து தோற்க வழிவிட்டே அதைச் சோதிக்கிறது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து, பாதிக்கும் மேல் பழைய முடிவு வரவில்லை என்று வெளியிட்டவர்களும் உளவியலாளர்கள்தான்.

முறையின் ஆதரவாளர்களோ, சோதிப்பதே நம்பிக்கையைக் குலைக்கிறது, பதற்றத்தில் எழுதுபவர்களால் எழுத முடியவில்லை என்றார்கள். சரி, அப்படியானால் உதவியாளருக்கும் அதே படம் தெரிந்தபோது மட்டும் பதற்றம் எங்கே போனது? எந்த முடிவு வந்தாலும் அசையாத கொள்கையைத்தான் போலி அறிவியல் என்கிறோம். 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானமே போட்டது.

இன்றும் உதவியாளர் எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொள்ளும் முறைகள் வேறு பெயர்களில் இருக்கின்றன. காசு கட்டும் முன் பெற்றோர் ஒன்று செய்யலாம்: உதவியாளரை வெளியே நிறுத்திவிட்டு, பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பொருளைக் காட்டுங்கள். அப்புறம் அவரை உள்ளே அழைத்து, பார்த்தது என்னவென்று பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிள்ளை யார் கையும் படாமல் தானே எடுத்துக் காட்டும் பட அட்டைகளும், தானே தொட்டுப் பேசவைக்கும் டேப்லெட்டுகளும் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சியாளரிடம் முதலில் அவற்றைக் கேளுங்கள்.