ட்ரேட்மார்க்: முத்திரையா, குறியா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறு தொழில்காரர்களுக்கு வரும் அறிவிப்புகளில் ட்ரேட்மார்க்கை 'வர்த்தக முத்திரை' என்றே எழுதுகிறார்கள். தவறு. வணிகக்குறி என்பதே பொருத்தமான சொல்.

'முத்திரை' வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. அதன் பொருள்தான் இடிக்கிறது. அதிகாரம் உள்ள ஒருவர் பார்த்துக் குத்துவது முத்திரை. கடைத் தராசைச் சோதித்து முத்திரை போடுகிறார்கள். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரம் பார்த்து வழங்கப்படும் அக்மார்க்கும் முத்திரைதான். ட்ரேட்மார்க் பதிவில் யாரும் யூக்கலிப்டஸ் தைலத்தைச் சோதிப்பதில்லை. இது இன்னாருடைய சரக்கு என்று காட்டுவதே அதன் வேலை. முத்திரை என்று சொல்லிவிட்டால், பதிவு எண் இருக்கிற தைலம் சுத்தமானது என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார்.

இணைய விளம்பரத்தில் குழப்பம் இன்னும் மோசம். ஒரு வர்க்கிக் கடையின் பெயரைக் கூகுளில் தேடினால் தன் விளம்பரம் மேலே வரவேண்டும் என்று போட்டிக் கடைக்காரர் பணம் கட்டலாம். அந்தப் பெயர் அவருடைய விளம்பரத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். 'முத்திரையைப் பயன்படுத்தினார்' என்றால், எதன்மேல் குத்தினார்? 'குறியைப் பயன்படுத்தினார்' என்றால் உடனே விளங்கும். 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதும் அப்போதுதான் புரியும்: பிறர் குறியைக் கீவேர்டாக, அதாவது தன் விளம்பரத்தை மேலே கொண்டுவரும் தேடல் சொல்லாக எடுப்பதும் அதைப் பயன்படுத்துவதே, ஆனால் அதனாலேயே மீறல் ஆகிவிடாது, வாங்குபவரைக் குழப்பினால்தான் மீறல்.

குறி என்றால் அடையாளம், பெயரும்கூட. பள்ளியில் படித்த இடுகுறிப்பெயர், காரணப்பெயரை நினைத்துப் பாருங்கள். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பிரிக்கிறது. 'ஊட்டி டீ' என்று ஊரையும் சரக்கையும் மட்டும் சொல்லும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். காரணம் இல்லாமல் புதிதாக இட்ட பெயருக்குப் பாதுகாப்பு அதிகம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் கிடைத்ததைப் புவிசார் குறியீடு என்று சரியாகத்தானே எழுதினோம்? அதன் பக்கத்துச் சட்டத்துக்கு மட்டும் முத்திரை எதற்கு?

அகராதியில் முதலில் கண்ட சொல்லைத் தூக்கிப் போடும் மொழிபெயர்ப்பாளர்கள்தான் கீவேர்டையும் 'முக்கிய வார்த்தை' ஆக்கினார்கள். அதில் என்ன முக்கியம் இருக்கிறது? சிலர் 'குறிச்சொல்' என்கிறார்கள். அது வணிகக்குறியோடு மோதும். 'தேடுசொல்' போதும். அதுவும் பிடிக்காவிட்டால் கீவேர்ட் என்றே எழுதுங்கள், சரி. கடைக்காரருக்கு அதாவது புரியும்.